மேட்லாப் வரைபட நிரலை எங்கே கொண்டுபோகலாம்: ஆக்டேவா, பைத்தானா, ஜூலியாவா?

கல்லூரியிலோ ஆய்வுக்கூடத்திலோ இருக்கும்வரை, கணக்கிடவும் வரைபடம் போடவும் உதவும் கட்டண மென்பொருளான மேட்லாபுக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்காது. படிப்பு முடிந்து வெளியே வந்ததும் உரிமம் நின்றுபோகும். கையில் மிஞ்சுவது வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்த எம் கோப்புகள், அதாவது மேட்லாப் நிரல்கள். சமன்பாட்டைத் தீர்த்துப் பரப்பு வரைபவை சில, அளவீடுகளைப் படித்து வளைகோடு போடுபவை சில, ஆய்வேட்டின் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று. இவற்றை எந்த மொழிக்குக் கொண்டுபோவது? நடைமுறையில் மூன்று வழிகள்: ஜிஎன்யூ ஆக்டேவ், நம்பையும் (எண் அணிகளுக்கான லைப்ரரி) மேட்பிளாட்லிப்பும் (வரைபட லைப்ரரி) சேர்ந்த பைத்தான், ஜூலியா.

இந்த மூன்றையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வேகம், வேலைவாய்ப்பு, லைப்ரரிகளின் எண்ணிக்கை என்றுதான் பேசுகிறார்கள். கணித வரைபடங்களைப் பொறுத்தவரை அவையெல்லாம் இரண்டாம்பட்சம் என்பது என் கருத்து. ஒரு வளைகோடு அரை நொடியில் வந்தால் என்ன, இரண்டு நொடியில் வந்தால் என்ன? முதலில் கேட்க வேண்டியது வேறு. மொழி மாற்றும்போது நாம் செய்யும் தவறு பிழைச்செய்தியாக முகத்தில் அடிக்குமா, இல்லை சத்தமில்லாமல் படத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமா? பிழைச்செய்தி வந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். அச்சு, தலைப்பு, வண்ணம் எல்லாம் ஒழுங்காக வந்து, எண்கள் மட்டும் தவறாக இருக்கும் படத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அது அப்படியே கட்டுரைக்குள் போய்விடும்.

ஆக்டேவ்: மாற்றாமலே ஓட்டிப் பார்க்க

ஆக்டேவை ஜான் ஈட்டன் 1992-ல் எழுதத் தொடங்கினார். வேதிப் பொறியியல் மாணவர்களுக்கான கருவியாகப் பிறந்தது. பெயரும் ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற வேதிப் பொறியியல் பேராசிரியருடையது. மேட்லாப் நிரலை முடிந்தவரை அப்படியே ஏற்பது இன்று அதன் முக்கியக் குறிக்கோள். எண்ணிக்கை 1-லிருந்து தொடங்கும், அணி நெடுவரிசை நெடுவரிசையாக நினைவகத்தில் அமரும், இரண்டு எல்லைகளுக்கிடையே சம இடைவெளியில் புள்ளிகள் தரும் லின்ஸ்பேஸுக்கு அவற்றின் எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் 100 புள்ளி தரும், ஹோல்ட் ஆன் போடாவிட்டால் அடுத்த வளைகோடு முந்தையதை அழித்துவிடும். எல்லாம் மேட்லாபில் பழகியபடியே.

தவறு நடந்தால்? பெரும்பாலும் சத்தம் போட்டுத்தான் நிற்கும். மேட்லாபில் பின்னாளில் வந்த வரைபட வசதிகள் பல ஆக்டேவில் இல்லை. அப்படிப்பட்ட ஒரு கட்டளை வந்ததும் 'வரையறுக்கப்படவில்லை' என்று சொல்லிவிடும். மேட்லாபில் ஒரு ஸ்கிரிப்டின் கடைசியில் ஃபங்ஷன்களை எழுதலாம்; ஆக்டேவில் அவை பயன்படும் இடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். இதுவும் பிழைச்செய்தியாக வரும், தூக்கி மேலே வைத்தால் சரியாகிவிடும்.

குறை என்ன என்றால், படத்தின் நேர்த்தியில் ஆக்டேவ் பின்தங்குகிறது. எழுத்துரு, கணிதக் குறியீடுகள், பிடிஎஃப்-ஆகச் சேமிக்கும்போது வரும் ஓர வெட்டு என்று சின்னச் சின்னதாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். புதிதாக ஒரு வேலையைத் தொடங்குகிற இளைஞருக்கு ஆக்டேவை மட்டும் நம்பி இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வேறொரு பெரிய மதிப்பு உண்டு. உரிமம் போன பிறகும் பழைய நிரல் என்ன எண்களைத் தரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நம்மிடம் மிஞ்சும் ஒரே சாட்சி அதுதான். பைத்தானுக்குப் போகிறவரும் ஜூலியாவுக்குப் போகிறவரும்கூட முதலில் ஆக்டேவை நிறுவிக்கொள்வது நல்லது.

பைத்தான்: பழகிய முகம், வேறு குணம்

மேட்பிளாட்லிப்பை எழுதியவர் ஜான் ஹன்டர், நரம்பியல் ஆய்வாளர். மூளையின் மின்பதிவுகளைப் பார்க்க மேட்லாப் போன்ற ஒன்று பைத்தானில் வேண்டும் என்று தொடங்கி 2003-ல் வெளியிட்டார். 2012-ல் அவர் காலமானபோது அது உலகெங்கும் அறிவியலாளர்களின் அன்றாடக் கருவியாகியிருந்தது. மேட்லாபைப் பார்த்து எழுதப்பட்டதால் பிளாட், எக்ஸ்லேபிள், டைட்டில், சப்பிளாட், கான்டூர் என்று பெயர்கள் அப்படியே இருக்கும். இந்த ஒற்றுமை வசதி, ஆபத்தும் அதுவே. பெயரை வைத்து மாற்றிக்கொண்டே போனால் நிரல் ஓடிவிடும். ஓடுகிறது என்பதால் நாமும் நம்பிவிடுவோம்.

ஒரே ஒரு குறியைப் பாருங்கள். மேட்லாபில் ^ என்றால் அடுக்கு. பைத்தானில் அடுக்குக்கு ** போட வேண்டும். ^ என்பது பிட் அளவில் நடக்கும் வேறொரு செயல். பதின்ம எண்கள் கொண்ட அணியில் ^ போட்டால் பைத்தான் உடனே பிழை காட்டும், நல்லது. முழு எண்கள் என்றால் காட்டாது. 0 முதல் 7 வரை உள்ள எண்களின் வர்க்கம் 0, 1, 4, 9, 16, 25, 36, 49. மேட்லாபில் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாக என்று சொல்ல ^-க்கு முன் போடும் புள்ளிக்குறியை மட்டும் எடுத்துவிட்டு ^2 என்று பைத்தானில் விட்டால் கிடைப்பது 2, 3, 0, 1, 6, 7, 4, 5. எட்டு எண்கள் போய் எட்டு எண்கள் வந்தன, படமும் வந்தது. பரவளையம் என்றால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நீளமான ஒரு சூத்திரத்தின் நடுவில் ஓர் உறுப்பு மட்டும் இப்படிக் கெட்டால் யார் கவனிப்பார்கள்?

அடுத்தது எல்லைகள். மேட்லாபில் 0:5:360 என்றால் 73 கோணங்கள், கடைசி 360. அதை நம்பையின் ஏரேஞ்ச் கொண்டு அதே மூன்று எண்களோடு எழுதினால் 72 கோணங்கள்தான். 355-ல் நின்றுவிடும், வட்டம் ஐந்து பாகை மூடாமல் நிற்கும். சரி, பைத்தானில் கடைசி எண் எப்போதும் வராது என்று மனதில் வைத்துக்கொள்ளலாமா? அதுவும் முடியாது. 1-லிருந்து 1.3 வரை 0.1 படியாக ஏரேஞ்ச் கேட்டால், தசமத் தோராயத்தால் 1.3-உம் வந்துவிடும். பதின்மப் படி இருக்கும் இடத்தில் லின்ஸ்பேஸுக்கு மாறிவிடுவதுதான் வழி. மாறும்போது புள்ளிகளின் எண்ணிக்கையைக் கையால் எழுதிவிடுங்கள். மேட்லாப் தானாக எடுத்துக்கொள்வது 100, நம்பை எடுத்துக்கொள்வது 50. வேகமாக ஏறி இறங்கும் வளைகோட்டில் இந்தப் பாதி நன்றாகவே தெரியும்.

புள்ளியியல் படங்களில் இன்னும் மோசம். திட்ட விலக்கத்துக்கு மேட்லாப் இயல்பாக என்-இல் ஒன்று குறைத்து வகுக்கும். நம்பை என்-ஆலேயே வகுக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஐந்து அளவீடுகள் என்றால், நம்பை தரும் விலக்கம் மேட்லாப் தந்ததைவிடச் சுமார் 10.6 சதவீதம் குறைவு. எல்லாப் பிழைக்கோடுகளும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் படம் முன்பைவிட அழகாகவே தெரியும். ஆய்வாளருக்கு இதைவிடக் கெட்ட தவறு உண்டா என்று தெரியவில்லை. டிடாஃப் என்ற அளவுருவுக்கு 1 கொடுத்தால் தீர்ந்தது, ஆனால் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சராசரியும் கூட்டலும் இதே குடும்பம். மேட்லாபில் ஓர் அணியின் சராசரி என்றால் நெடுவரிசைக்கு ஒன்றாகப் பல எண்கள் வரும். நம்பையில் அணி முழுவதற்கும் ஒரே எண். அதை வரையச் சொன்னால் ஒரே ஒரு புள்ளி. குறியீடு கேட்காததால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. காலிப் பெட்டிதான் வரும், பிழைச்செய்தி வராது. ரீஷேப்பும் அப்படித்தான். 1 முதல் 6 வரை உள்ள எண்களை இரண்டு வரிசை, மூன்று நெடுவரிசையாக அடுக்கச் சொன்னால் மேட்லாபின் முதல் வரிசை 1, 3, 5. நம்பையின் முதல் வரிசை 1, 2, 3.

இனி முப்பரிமாணம். மேட்லாபின் சர்ஃப் இருக்கும் இடத்தில் மேட்பிளாட்லிப்பின் பிளாட்-சர்ஃபேஸ் வரும். வண்ண அட்டவணையைச் சொல்லாவிட்டால் பரப்பு முழுக்க ஒரே நீலமாக இருக்கும். இதைப் பார்த்ததும் புரிந்துகொள்ளலாம். பார்வைக் கோணம் வேறுபடும்: மேட்லாபின் இயல்பான கோணம் −37.5, 30, ஆனால் கிடைக்கோணத்தை இரண்டும் வேறு வேறு அச்சிலிருந்து அளக்கின்றன, ஆகவே அதே பார்வை வேண்டுமென்றால் மேட்பிளாட்லிப்பில் −127.5 என்று கொடுக்க வேண்டும். −37.5 என்றே கொடுத்தால் மலையின் வேறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தெரியாமல் ஒளிந்திருப்பது இன்னொன்று. பிளாட்-சர்ஃபேஸ் ஒவ்வொரு திசையிலும் அதிகபட்சம் 50 மாதிரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். தரவு அதைவிடப் பெரிதாக இருந்தால் இடையிடையே விட்டுவிட்டு எடுக்கும். 400-க்கு 400 கட்டத்தில் ஒரு கூர்மையான சிகரம் இருந்தால் அது படத்தில் காணாமல் போகலாம். இதில் கவனிக்க வேண்டியது, மேட்லாபோடு வரும் பீக்ஸ் என்ற மாதிரிப் பரப்பின் இயல்பான அளவு 49-க்கு 49. எல்லோரும் அதை வைத்துத்தான் மாற்றிய நிரலைச் சோதிப்பார்கள். 49 என்பதால் சோதனை தேறிவிடும்; சொந்தத் தரவு போட்டதும் சிகரம் தொலையும். இந்த வரம்பைச் சொல்லும் ஆர்கவுண்ட், சிகவுண்ட் என்ற அளவுருக்கள் இரண்டையும் தரவின் அளவுக்கே வைத்துவிடுங்கள்.

ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு பரப்புகளை வரைவதாக இருந்தால் மேட்பிளாட்லிப் வேண்டாம் என்றே சொல்வேன். அதன் முப்பரிமாணம் உண்மையான ஆழம் அறிந்தது இல்லை. எந்தப் பரப்பு முன்னால் என்று மொத்தமாக முடிவுசெய்து ஒன்றின்மேல் ஒன்றாகத் தீட்டிவிடும். வெட்டுக்கோடு தவறாக வரும். ஆக்டேவ் ஓப்பன்ஜிஎல் வழியாக வரைவதால் இதைச் சரியாகச் செய்யும்.

படமாக வரையும் அணிகளில், அதாவது இமேஜ்எஸ்சி போய் ஐஎம்ஷோ வரும் இடத்தில், ஒரு நுணுக்கம். 0 முதல் 10 வரை 11 கட்டங்கள் என்று வையுங்கள். மேட்லாபில் அந்த 0-உம் 10-உம் ஓரக் கட்டங்களின் நடுப்புள்ளிகள். மேட்பிளாட்லிப்பில் எக்ஸ்டென்ட் என்று கொடுப்பது வெளிவிளிம்புகள். எண்களை அப்படியே கொடுத்தால் நடுவில் இருப்பது சரியாக விழும், ஓரத்தில் இருப்பது ஏறக்குறைய அரைக் கட்டம் நகரும். −0.5 முதல் 10.5 வரை என்று கொடுக்க வேண்டும். செங்குத்து அச்சில் வரிசையை மாற்றி 10.5-ஐ முதலிலும் −0.5-ஐப் பின்னாலும் கொடுக்காவிட்டால் அச்சு எண்கள் தலைகீழாகிவிடும்.

வண்ணத்தில் மட்டும் முழு ஒற்றுமையை எதிர்பார்க்காதீர்கள். மேட்லாப் 2014-ல் ஜெட் என்ற வண்ண அட்டவணையை விட்டு பருலாவுக்குப் போனது. மேட்பிளாட்லிப் 2017-ல் வந்த 2.0 பதிப்பில் விரிடிஸுக்குப் போனது. பருலா மேட்பிளாட்லிப்போடு வராது. பழைய படத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக ஜெட்டை மீண்டும் போடுகிறார்கள் சிலர், தயவுசெய்து வேண்டாம். ஜெட்டில் மஞ்சளும் சியானும் பளிச்சென்று நின்று, தரவில் இல்லாத விளிம்புகளை இருப்பதுபோல் காட்டும்.

ஜூலியா: தவறினால் திட்டுகிற மொழி

ஜூலியா 2012-ல் வெளிவந்தது; 1.0 பதிப்பு 2018 ஆகஸ்டில். உருவாக்கிய நால்வரில் ஒருவர் வைரல் ஷா. எண்ணிக்கை 1-லிருந்து, அணி நெடுவரிசையாக, 0:5:360 என்றால் 73 எண்கள், 0:0.1:1 என்றால் தவறாமல் 11, திட்ட விலக்கம் என்-இல் ஒன்று குறைத்தே. பைத்தானில் பார்த்த பொறிகளில் பாதி இங்கே இல்லவே இல்லை.

மிச்சத்தில் பெரும்பகுதி சத்தமாகவே விழும். எண்வரிசைக்கு சைன் எடுக்கும்போது புள்ளிக்குறி போட மறந்தால் உடனே பிழைச்செய்தி. வர்க்கத்துக்கும் அப்படியே. கோப்பின் மேல்மட்டத்தில் ஒரு சுழற்சிக்குள் வெளிமாறியைக் கூட்டிக்கொண்டே போகும் மேட்லாப் பழக்கத்தை அப்படியே எழுதினால், அந்த மாறி உள்ளே தெரியாது என்று நிறுத்திவிடும். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் சில இடங்களில் ஜூலியாவும் மௌனமாகிறது. மெஷ்கிரிட் (எக்ஸ், ஒய் கட்டப் புள்ளிகளை அணியாகத் தருவது) போட்டு வந்த சதுர அணிக்குப் புள்ளிக்குறி இல்லாமல் எக்ஸ்ப் (e-இன் அடுக்கு) எடுத்தால், ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாக எடுக்காமல் முழு அணிக்கும் அணி அடுக்கையைக் கணக்கிட்டுத் தந்துவிடும். 49-க்கு 49 என்றால் ஒரு முனகலும் இருக்காது. 41-க்கு 61 என்றால் அளவு பொருந்தவில்லை என்று கத்தும். % குறியையும் பாருங்கள்: மேட்லாபின் மாட், பைத்தானின் %, இரண்டும் வகுக்கும் எண்ணின் குறியைப் பின்பற்றும், ஜூலியாவின் % வகுபடும் எண்ணின் குறியைப் பின்பற்றும். கட்டக்கோணம் (ஃபேஸ்) வரையும் படங்களில் எதிர்மறைப் பக்கம் முழுக்க மாறிவிடும். ஜூலியாவிலும் மாட் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

வரைவதற்கு எதை எடுப்பது? பிளாட்ஸ் என்ற லைப்ரரி மேட்லாப் போலவே வரிசையை ஒய் என்றும் நெடுவரிசையை எக்ஸ் என்றும் எடுத்துக்கொள்ளும். மேக்கி என்ற இன்னொரு லைப்ரரி இதற்கு நேர்மாறு, அணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் முப்பரிமாணத்தில் மேக்கியை மேட்பிளாட்லிப் நெருங்க முடியாது. வெட்டிக்கொள்ளும் பரப்புகள், ஒளி, சுழற்றிப் பார்ப்பது எல்லாம் கச்சிதமாக வரும். முதல் படம் வரவே வெகுநேரம் ஆகும் என்ற பழைய குறை 2023-ல் வந்த 1.9 பதிப்புக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. உதவி கேட்கப் பக்கத்தில் ஆள் கிடைப்பது மட்டும் பைத்தான் அளவுக்கு எளிதில்லை.

மேட்லாப் போன்ற இன்னொரு இலவச மென்பொருளான சைலாபையும் சொல்ல வேண்டும். பம்பாய் ஐஐடியின் ஃபாஸி திட்டம் அதைப் பல கல்லூரிகளுக்குக் கொண்டுசேர்த்திருக்கிறது. எம் கோப்புகளை மாற்றித் தரும் கருவியும் அதில் உண்டு. ஏற்கெனவே அது தெரிந்தவருக்குச் சரி. புதிதாகக் கற்றுக்கொண்டு மாற வேண்டும் என்றால் மேலே சொன்ன மூன்றில் ஒன்றுக்கே போகலாம்.

பொறியிடம் கொடுத்து மாற்றினால்?

இன்று பலர் எம் கோப்பை ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் ஒட்டி, பைத்தானில் தா என்கிறார்கள். தட்டச்சு வேலை மிச்சம், நானும் எதிர்க்கவில்லை. ^ குறியையும் எண்ணிக்கைத் தொடக்கத்தையும் பெரும்பாலும் சரியாகவே மாற்றிவிடும். ஆனால் திட்ட விலக்கம், 50 மாதிரி வரம்பு, விளிம்பா நடுப்புள்ளியா என்ற கேள்வி இவையெல்லாம் நிரலின் எழுத்தில் எங்கும் இல்லை. அந்தந்தக் கருவியின் இயல்பில் இருக்கின்றன. எழுத்தைப் பார்த்து மாற்றும் எதற்கும் இவை நழுவும், மனிதருக்கும் சேர்த்துத்தான். ஆகவே யார் மாற்றினாலும் எண்களை ஒத்துப்பார்த்தாக வேண்டும்.

ஒத்துப்பார்ப்பது என்றால் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இல்லை. வரையும் கட்டளைக்குள் போகும் அணியை இரண்டு பக்கமும் கோப்பில் எழுதி, கழித்து, மிகப் பெரிய வித்தியாசத்தைப் பாருங்கள். சாதாரணச் சூத்திரம் என்றால் அது பன்னிரண்டு தசம இடங்களுக்கு அப்பால்தான் இருக்க வேண்டும். சோதனைக்கு எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றினால் மாறிவிடுகிற சூத்திரம் ஒன்றை எடுங்கள். கட்டம் சதுரமாக இருக்கக் கூடாது, இரண்டு பக்கமும் 50-க்கு மேல், 61-க்கு 83 என்பது போல. திருப்பிப்போட்ட அணி, புள்ளிக்குறி மறந்த எக்ஸ்ப் இரண்டும் அப்போதே மாட்டிக்கொள்ளும். மாதிரி வரம்பு மட்டும் அணிகளைக் கழித்தால் தெரியாது, ஏனென்றால் அது வரையும் கட்டளைக்கு உள்ளே நடக்கிறது. அதற்கு ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் உயரம் உள்ள பரப்பை வரைந்து, முள் படத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

சரி, எது யாருக்கு? படங்கள் முடிந்துபோன வேலைக்கானவை, எப்போதாவது ஒன்றைத் திருத்தி மறுபடி வரைய வேண்டும் என்றால் ஆக்டேவ் போதும்; மொழிபெயர்க்கவே வேண்டாம். தொடர்ந்து வளரப்போகும் நிரல், கூட வேலை செய்பவர்களும் தொட வேண்டும் என்றால் பைத்தான், ஆக்டேவைச் சாட்சியாக வைத்துக்கொண்டு. கணக்கே கனமானது, அணிச் சூத்திரங்கள் அடர்த்தியாக இருக்கின்றன, முப்பரிமாணப் பரப்புகள்தான் பிரதானம் என்றால் நான் ஜூலியாவைத்தான் எடுப்பேன்.

உரிமம் இன்னும் சில வாரம் இருக்கிறது என்றால், மொழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை உண்டு. 7.3 வடிவத்தில் உள்ள மேட் கோப்புகளை (மேட்லாப் தரவைச் சேமிப்பவை), ஒரு மாறி 2 ஜிபிக்கு மேல் போகாத வரை, மைனஸ் வி7 போட்டு மறுபடி சேமியுங்கள். பைத்தானின் அறிவியல் லைப்ரரியான சைபையில் உள்ள லோட்மேட் 7.3-ஐத் திறக்காது. ஃபிக் கோப்பாக (மேட்லாபின் சொந்தப் பட வடிவம்) மட்டும் இருக்கும் படங்களைத் திறந்து, உள்ளே இருக்கும் எக்ஸ், ஒய், இசட் எண்களை வெளியே எடுங்கள். அவற்றை எழுதும்போது சிஎஸ்வி-ரைட் வேண்டாம், அது ஐந்து இலக்கத்தோடு வெட்டிவிடும். டிஎல்எம்-ரைட்டில் 17 இலக்கம் கேட்டு எழுதுங்கள். ஆய்வேட்டில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கோப்பு, அதே படத்தின் பெயரில்.